மெலித்தோன் சொன்ன கடல் நிலவரம்

பார்ரா சான் ஹசிந்தோவில் யாரைக் கேட்டாலும் ஃபோர்தினோவை மெலித்தோன்தான் கொன்றான் என்பார்கள். கேட்காமலேயே சொல்வார்கள், காபி ஆறும்வரை நிறுத்தமாட்டார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். நான் ஃபோர்தினோவின் பெண்டாட்டி, எர்மிலா. செத்தது என் புருஷன். அவன் சாவுக்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியாதா? மெலித்தோன் இல்லை. எத்தனை தடவை சொல்லியும் இந்த ஊரில் ஒரு ஜென்மமும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நீங்களாவது முதலிலிருந்து கேளுங்கள்.

மெலித்தோன் அபார்க்காவுக்கு ஐம்பத்தாறு வயது. ஒல்லி உடம்பு, மேல்வரிசையில் ஒரு தங்கப்பல். அந்தப் பல்லை ஒரு சுறாவின் வயிற்றிலிருந்து எடுத்ததாகச் சொல்வான். துறைமுகத்துப் பல்வைத்தியர் கட்டியது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவன் பெண்டாட்டி கல்யாணமான இரண்டாம் வருஷம் சிகாகோவுக்கு வேலைக்குப் போனாள், போனவள்தான். அதையும் அவன் ஆளுக்கொரு விதமாகச் சொல்வான். ஒருநாள் அவள் அங்கே ஹோட்டல் வைத்திருப்பாள், மறுநாள் கன்னியாஸ்திரீ ஆகியிருப்பாள். பிள்ளைகள் கிடையாது. என் மகள் யாதிராவுக்கு ஞானத்தகப்பன் அவன்தான். அந்த உறவில் நாங்கள் அவனைக் கொம்பாத்ரே என்போம், அவன் என்னைக் கொமாத்ரே என்பான். ஒருவரையொருவர் வாய் வலிக்கத் திட்டிக்கொள்ள உரிமை உண்டு என்று அர்த்தம். யாதிராவின் பதினைந்தாம் பிறந்தநாள் விருந்தில் அவளோடு வால்ட்ஸ் ஆடி, அவள் இரண்டு காலையும் மிதித்து நகத்தைப் பெயர்த்தவன் அவன். ஆனாலும் அவளுக்கு அவன் என்றால் உயிர்.

அவன் பொய்யன் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் கடலில் பொய் சொல்வது எங்கள் கரையில் மெலித்தோன் மட்டும் செய்கிற காரியமில்லை. வலை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அந்தப் பழக்கம் கிடையாது. இறகுக்காரர்கள் வர ஆரம்பித்த பிறகுதான் வந்தது. டிசம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கே இருந்து விளையாட்டுக்கு மீன் பிடிக்க வந்து, எங்கள் படகுகளை வாடகைக்கு எடுப்பார்கள். கோழி இறகையும் ஆட்டு ரோமத்தையும் கொக்கியில் கட்டி, அதைத் தடித்த நூலில் சுழற்றிச் சுழற்றி வீசுவார்கள். அவர்களுக்கு வேண்டியது சேவல்மீன். முதுகில் சேவல் கொண்டை போல நீண்ட துடுப்பு வைத்துக்கொண்டு கரையோர நுரையில் திரியும் மீன் அது. படகை அலை உடையும் இடத்துக்கு ஒட்டி நிறுத்தவேண்டும். படகோட்டி கொக்கி இல்லாத மரமீன் ஒன்றை நுரைக்குள் எறிந்து சுண்டி இழுப்பான். கொண்டையைத் தூக்கிக்கொண்டு சேவல்மீன் அதைத் துரத்தி வரும். பக்கத்தில் வந்ததும் இறகுக்காரர் தன் இறகைப் போடுவார். மாட்டினால் படம் எடுத்து, முத்தம் கொடுத்து, திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். முதல் வருஷம் இதைப் பார்த்த எங்கள் ஆட்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

அந்த மீன் சத்தத்துக்கு அடங்கிப்போகும். இன்னொரு படகு மோட்டாரை உறுமிக்கொண்டு வந்தால் அத்தோடு சரி, அன்றைக்கு மேலே வராது. அதனால் மீனைக் கண்டவன் ரேடியோவில் "இங்க ஒண்ணுமில்ல" என்பான். இது எங்களுக்குள் மரியாதையான பொய். எங்கள் பாதிரியாரே பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பற்றிக் கேட்பதில்லை.

படகோட்டிகள் சங்கத்தின் ரேடியோ என் சாப்பாட்டுக் கடையில்தான் இருக்கிறது. ஆன்டெனாவைத் தென்னை உச்சியில் கட்டியிருக்கிறோம். வடக்கே பாறைமுனைக்கு அந்தப் பக்கம் போன படகும் இந்தப் பக்கம் நிற்கும் படகும் ஒன்றோடொன்று பேச முடியாது, நடுவில் மலை மறைக்கும். இரண்டு பக்கமும் எனக்குத்தான் கேட்கும். காற்று எப்படி, தண்ணீர் பச்சையா கலங்கலா, மத்தி திரிகிறதா, அலை எவ்வளவு என்று ஒவ்வொருத்தனும் சொல்வான், நான் மற்றவர்களுக்குச் சொல்வேன். மெலித்தோனுடைய பேச்சை மட்டும் புரட்டிப் போட்டுச் சொல்வேன். இருபது வருஷமாக அவன் தொண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அத்துப்படி. இழுத்து இழுத்து "ஒண்ணுமில்ல" என்றால் பாறைமீன் கூட்டம். "தண்ணி சாக்லேட்" என்றால் சேவல்மீன். "எல்லாரும் வாங்க, அள்ளிக்கிட்டுப் போங்க" என்று கூவினால் அங்கே ஒரு மண்ணும் இல்லை, அவனுக்குச் சிகரெட் தீர்ந்துவிட்டது. இருபது வருஷத்தில் ஒரு தடவைகூட நான் தவறியதில்லை. எனக்கு அதில் கர்வம். சத்தியமாகச் சொல்கிறேன், தலை கொள்ளாத கர்வம்.

அவனுக்கும் அது தெரியும். கரைக்கு வந்ததும் நேராக என் கடையில் வந்து உட்கார்ந்து, உப்புக்கண்டம் போட்ட முட்டையை வளைத்துக் கட்டிக்கொண்டே கேட்பான்.

"கொமாத்ரே, இன்னைக்கும் என்னைக் காட்டிக் குடுத்துட்டீங்களா?"

"நீங்க மட்டும் யோக்கியமா? தட்டைத் தள்ளுங்க, ஈ மொய்க்குது."

ஜனவரி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. வியாழன் என்றால் எங்கள் பக்கம் போசோலே, சோளமும் எலும்புக்கறியும் போட்ட குழம்பு. விடியலுக்கு முன்பே சோளத்தைப் பெரிய பானையில் வேகப்போட்டுவிட்டேன். காலையில் காற்று துளியும் இல்லை. எங்கள் வளைகுடா எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. சங்கத்தின் மற்றப் படகுகள் மயில்மீனுக்காக இருபது மைல் வெளியே போயிருந்தன. கரையோரம் போனது இரண்டு பேர்தான். மெலித்தோன் முனையைத் தாண்டி ஆற்று முகத்துவாரத்துக்கு. என் ஃபோர்தினோ இந்தப் பக்கம் தெற்கே.

ஃபோர்தினோ கூட்டிப்போனவர் வெர்னன் என்ற கிழவர், இடுப்பு சரியில்லாதவர். நான்கு நாளாக அவருக்கு ஒரு சேவல்மீன் அமையவில்லை. முதல் நாள் வாடைக்காற்றில் அவர் நூல் அவர் தொப்பியையே சுற்றிக்கொண்டது. இரண்டாம் நாள் செந்தண்ணீர் வந்து கரையெல்லாம் துருப்பிடித்தது போல இருந்தது. மூன்றாம் நாள் மீன் வந்தது, அவர் இறகை என் புருஷன் காதில் மாட்டினார். அன்று கடைசி நாள். மீனைக் காட்டாமல் விமானம் ஏற்றமாட்டேன் என்று ஃபோர்தினோ அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தான். வாக்குக் கொடுத்துவிட்டால் என் ஆளுக்குத் தூக்கம் வராது.

ஏழே முக்காலுக்கு மெலித்தோன் கூப்பிட்டான்.

"கொமாத்ரே, கேக்குதா?"

"கேக்குது. சொல்லுங்க, இன்னைக்கு என்ன கதை?"

"முகத்துவாரத்துல தண்ணி சாக்லேட்டா கிடக்கு. மீன் இல்ல. அலை ரொம்ப வெளியில உடையுது. யாரும் வர வேண்டாம்."

"ஐயோ பாவம். அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. நான் வெளியேறி வர்றேன். யாரையும் இந்தப் பக்கம் அனுப்பாதீங்க."

ரேடியோவை வைத்துவிட்டு நான் தனியாக நின்று சிரித்தேன். கடையில் அப்போது யாரும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் மறுபடியும் கூப்பிட்டான்.

"ஃபோர்தினோ எங்க இருக்கான்?"

"எதுக்குக் கேக்குறீங்க? பங்குக்கு வந்துருவான்னு பயமா?"

"முனையைத் தாண்ட வேண்டாம்னு சொல்லுங்க. நாலு அலை சேந்து வருது. நடுவுல குளம் மாதிரி இருக்கு, திடீர்னு எழும்புது. கள்ளக்கடல், கொமாத்ரே."

"சரி கொம்பாத்ரே. சொல்லிடுறேன்."

அன்று அவன் குரலில் விளையாட்டு இல்லை. அதை நான் கவனித்தேன். கவனிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். வழக்கமாக நடுவில் ஒரு கேலி வரும், அன்று வரவில்லை. இந்த மனுஷன் நடிப்பில் தேறிவிட்டான், முப்பது கிலோ மீனாக இருக்கவேண்டும், இல்லையென்றால் இவ்வளவு பாடுபடமாட்டான் என்று நினைத்தேன். காற்றே இல்லாத நாளில் கள்ளக்கடலாம். காற்றே இல்லாத நாளில்தான் கள்ளக்கடல் வரும் என்று இந்தக் கரையில் பிறந்த எனக்குத் தெரியாதா? எங்கோ வடக்கே, நமக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் புயல் அடித்த பிறகு அந்த அலை மூன்று நாள் நடந்து வரும். பாறைமுனைக்கு இந்தப் பக்கம் அது தெரியவே தெரியாது. எல்லாம் தெரியும். தெரிந்த கழுதைதான் ஃபோர்தினோவைக் கூப்பிட்டேன்.

"கிழவா, எங்க இருக்கே?"

"தெக்கே. ஒரு பூச்சிகூட இல்ல கிழவி. இந்த மனுஷன் மூஞ்சியைப் பாக்க முடியல."

"முகத்துவாரத்துக்கு ஓடு. கொம்பாத்ரே சேவல்மீன் மேல உக்காந்திருக்கான்."

"என்ன சொன்னான்?"

"என்னத்தைச் சொல்லுவான், வழக்கமா சொல்றதுதான். கதை கேக்காம போ."

"நீ சொன்னா சரிதான். போசோலேல எனக்கு எலும்பா எடுத்து வை."

அவ்வளவுதான். இருபத்து மூன்று வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவன் கடைசியாகப் பேசியது அது.

எட்டரைக்குக் கூப்பிட்டேன், பதில் இல்லை. மீன் மாட்டியிருக்கும், கை ஒழிந்திருக்காது என்று நினைத்தேன். ஒன்பதுக்குக் கூப்பிட்டேன். மெலித்தோனைக் கூப்பிட்டேன், அவனும் பதில் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் மீன் என்று அப்போதும் சந்தோஷப்பட்டேன். 

பத்து மணிக்கு மோட்டார் சத்தம் கேட்டது. ஒரே ஒரு மோட்டார். எங்கள் ஊரில் படகு கரைக்கு வருவது எப்படியென்றால், தூரத்திலிருந்தே முழு வேகம் கொடுத்து, ஒரே பாய்ச்சலில் மணலில் பாதி தூரம் ஏறி நிற்கும். சின்னப் பிள்ளைகள்கூட ஒதுங்கி நிற்கத் தெரிந்தவர்கள். அன்று மெலித்தோன் மெதுவாக வந்தான். முழங்கால் தண்ணீரில் மோட்டாரை நிறுத்தினான், இறங்கிப் படகைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் படகு மணலேறாததைப் பார்த்ததும் கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.  நான் அடுப்பை அணைக்கத் திரும்பிப் போனேன். அந்த நேரத்தில் எனக்கு எதற்கு அடுப்பு? இன்றுவரை புரியவில்லை. பானையை இறக்கி வைத்து, மூடி போட்டு, கையைத் துடைத்துக்கொண்டுதான் போனேன்.

படகில் வெர்னன் கிழவர் மிதவைச்சட்டையோடு நடுங்கிக்கொண்டிருந்தார். முகத்துவாரத்து அலை அவர்கள் படகைக் கவிழ்த்திருந்தது. அவர் காலடியில் ஃபோர்தினோ படுத்திருந்தான். நெற்றி ஓரத்தில் ஒரு காயம். ரத்தம்கூட இல்லை, கடல் கழுவிவிட்டிருந்தது. அவன் காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொன்று எங்கே என்று யாரிடமோ கேட்டேனாம். எனக்கு நினைவில்லை, பிறகு சொன்னார்கள்.

சங்கத் தலைவர் எவுத்திமியோ, பெரிய உடம்பும் பெரிய குரலும் உள்ளவர், மெலித்தோன் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"முகத்துவாரத்துல அலை இப்படி உடையுதுன்னு தெரிஞ்சும் நீ ஏன்டா சொல்லல?"

நான் வாயைத் திறந்தேன். சொன்னான், என்னிடம் சொன்னான், இரண்டு தடவை சொன்னான் என்று சொல்லத்தான் திறந்தேன். அதற்குள் மெலித்தோன் பேசிவிட்டான்.

"நான்தான் அவனைக் கூப்பிட்டேன். தண்ணி தெளிவா இருக்கு, சேவல்மீன் குவிஞ்சு கிடக்கு, ஓடி வாடான்னு கொமாத்ரேகிட்ட சொல்லியனுப்பினேன். அவங்க அதை அப்படியே சொன்னாங்க."

இதைச் சொல்லும்போது அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புருஷன் பிணத்துக்கு முன்னால் நிற்கிறேன், அதற்கு மேல் ஓர் அதிர்ச்சி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு. குனிந்து ஃபோர்தினோவின் செருப்பில்லாத காலைப் பிடித்துக்கொண்டேன்.

மாலை பஸ்ஸில் யாதிரா வந்தாள். துறைமுகத்தில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே போய், வாசலில் நின்ற மெலித்தோனை நேராகக் கன்னத்தில் அறைந்தாள். "பத்ரீனோ" என்று, ஞானத்தகப்பன் என்ற முறையில், மழலையிலிருந்து அவனைக் கூப்பிட்டவள். அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான், அவ்வளவுதான்.

ஒன்பது நாள் வீட்டில் செபமாலை சொன்னார்கள். ஒன்பது நாளும் மெலித்தோன் வந்து தெருவில் வாதாமரத்தடியில் நின்றான். உள்ளே வா என்று ஒருவரும் சொல்லவில்லை, ஒரு டம்ளர் காபி கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். பாதி உண்மை. மீதிப் பாதி பயம். என் மகள் என் மடியில் தலை வைத்து அழும்போது, அந்தத் தலை எழுந்து போய்விடுமே என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்தான், ஆனால் அதுதான் இருந்தது.

பத்தாம் நாள் ஞாயிறு. பூசை முடிந்ததும் மோட்டார் கொட்டகையில் சங்கம் கூடியது. மெலித்தோனை நீக்க வேண்டும், அவன் இனி எங்கள் கரையில் படகு ஏற்றக்கூடாது என்று எவுத்திமியோ சொன்னார். எல்லாரும் கை தூக்கினார்கள். அப்போதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்தேன். கறுப்புத் துணியோடு, அந்தக் காலை நேரத்தில் அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அப்படியே ஒப்பித்தேன்.

"வராதேன்னுதான் அவன் சொன்னான். நான்தான் அனுப்பினேன்" என்று முடித்தேன்.

 எவுத்திமியோ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தோன்யா எர்மிலா, உங்களுக்கு இரக்க குணம். அவன் வந்து உங்க கால்ல விழுந்தானா?"

"யாரும் விழல. நடந்ததைச் சொல்றேன்."

பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான்: "முப்பது வருஷமா அவன் வாயால பொய் சொன்னான். இப்ப அந்த அம்மா வாயால சொல்ல வைக்கிறான்."

"மெலித்தோன், நீங்களே சொல்லுங்க" என்று நான் கத்தினேன்.

அவன் மூலையில் நின்றிருந்தான். ரொம்ப மெதுவாகப் பேசினான்.

"கொமாத்ரேக்கு மனசு தடுமாறிப் போச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நான்தான் கூப்பிட்டேன்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வாழ்நாளெல்லாம் அந்த மனுஷன் சொன்ன ஒரு சொல்லை இந்த ஊர் நம்பியதில்லை. இதை மட்டும் ஒருத்தர் பாக்கியில்லாமல் நம்பினார்கள். இரண்டு பெண்கள் என்னைத் தாங்கிப் பிடித்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கூட்டம் கலைந்தபோது மெலித்தோன் காயலோரப் பாதையில் போய்க்கொண்டிருந்தான். நான் பின்னாலேயே ஓடி அவன் சட்டையைப் பிடித்தேன்.

"ஏன்யா இப்படிச் செஞ்சீங்க? யார் கேட்டா உங்களை?"

"யாதிராவுக்கு அப்பன் போயிட்டான். அம்மாவாவது இருக்கட்டும். என்னை யாரு தேடப்போறா?"

"நான் தேடுவேன்."

அவன் காயல் பக்கம் திரும்பினான். பிறகு சொன்னான்: "நான் வெளியேறி வரும்போது அவன் முனையைச் சுத்தி வந்தான். தொப்பியைக் கழட்டி ஆட்டினேன், போகாதேன்னு. அவன் சிரிச்சுக்கிட்டே தன் தொப்பியை எனக்கு ஆட்டினான். என்னை ஏமாத்திட்டோம்னு அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு. நான் உங்க எல்லாருக்கும் பழக்கினது அப்படி. அப்ப யாரு அனுப்பினா, சொல்லுங்க."

என் கையைச் சட்டையிலிருந்து எடுத்துவிட்டு நடந்தான். இப்போது காயலில் தனியாக வீச்சுவலை போட்டு மடவை பிடிக்கிறான். அவன் மீனை ஊரில் யாரும் வாங்குவதில்லை. நான் வாங்குகிறேன். அதையும் பைத்தியம் என்கிறார்கள்.

அன்று நான் வீடு திரும்பியபோது யாதிரா அவள் அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், இவளுக்குத் தெரிய வேண்டும் என்று அவள் எதிரில் உட்கார்ந்தேன்.

"யாதி, உங்க பத்ரீனோ அன்னைக்கு ரேடியோவுல என்ன சொன்னாருன்னா..."

அவள் என் வாயைக் கையால் மூடினாள்.  அவள் என் கண்ணைப் பார்த்தாள், பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. கொட்டகையில் நான் சொன்னது எனக்கு முன்பே அவள் காதுக்கு வந்துவிட்டது, அதை நம்பிய ஒரே ஒருத்தி அவள்தான்.

"அம்மா, அது உண்மைன்னா இந்த வீட்டுல என்னால இருக்க முடியாது. எனக்கு உன்னை விட்டா யாரும் இல்ல. அதனால சொல்லாதே" என்றாள்.

கையை எடுத்துவிட்டு அடுத்த சட்டையை மடித்தாள். சட்டையின் ஒரு கையை நான் பிடித்துக்கொண்டேன், மறு கையை அவள் மடித்தாள்.